சமனொளியும் சிவனொளியும்



மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை, அதாவது உந்துவப் போயாவிலிருந்து வெசாக் வரை, எங்கள் மலைநாட்டிலே இரவு முழுதாக இருட்டுவதில்லை. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். லயத்து வாசலில் நின்று பார்த்தால் வானத்தின் அடிவயிற்றில் ஒரு விளக்கு வரிசை வளைந்து வளைந்து மேலே ஏறி, ஒரு புள்ளியில் போய் நிற்கும். சிறு பிள்ளைகளாக இருந்தபோது அவற்றை நட்சத்திரங்கள் என்றே நாங்கள் நினைத்தோம். அதிகாலையில் பெரட்டுக்குப் புறப்படும் என் அப்பாயி, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்தத் திசை நோக்கி ஒரு கும்பிடு போட்ட பிறகுதான் கூடையை எடுப்பார். எந்தச் சாமி என்று நான் ஒருநாள் கேட்டேன். "சாமி மலைடா, வேறென்ன" என்று மட்டும் சொன்னார். அப்பாயிக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

பின்னாளில் ஆசிரியனாக வேலை பார்க்கத் தொடங்கியதும்தான் அந்தப் பதில் எல்லோருக்கும் போதவில்லை என்பதைக் கண்டேன். ஆசிரியர் அறையில் ஒரு நாள் பெரிய வாக்குவாதம். சக ஆசிரியர் ஒருவர், அது சிவபெருமானின் பாதம், பெயரே சிவனொளிபாதம், பிறகு என்ன பேச்சு என்றார். இன்னொருவர், அது பௌத்தர்களின் ஸ்ரீ பாத, நமக்கு அங்கே என்ன வேலை என்றார். இருவரும் தமிழர், இருவரும் தோட்டத்துப் பிள்ளைகள். ஒருவருக்கு அந்த மலை முழுவதும் நம்முடையது. மற்றவருக்கு அதில் ஒரு கல்கூட நம்முடையது அல்ல. இடையில் இருந்த எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. ஆனால் ஏன் சரியில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. அன்று தொடங்கிய தேடலைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தேடிப் போனவனுக்கு முதலில் கிடைத்தது சரித்திர நூல் அல்ல, நமது காப்பியம். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையை நாமெல்லாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அட்சய பாத்திரம், ஆதிரை, சிறைக்கோட்டம் அறக்கோட்டமான கதை ஆகியவை நினைவிருக்கும். ஆனால் மணிபல்லவத் தீவிலே புத்த பீடிகையைக் காக்கும் தீவதிலகை, மணிமேகலையிடம் தன்னைப் பற்றிச் சொல்லும் இடத்தை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். பக்கத்தில் உள்ள இரத்தினத் தீவில் சமந்தம் என்னும் உயர்ந்த மலையின் உச்சியில் அறவோனின் அடியிணை இருக்கிறது. அது பிறவிக் கடலைக் கடத்துகின்ற தோணி. அதனைத் தொழுது வலம் வந்த பிறகே தான் இங்கு வந்ததாக அவள் சொல்கிறாள். சமந்தம் என்பது பாளி மொழியில் சமந்தகூடம் என்று சொல்லப்படும் நமது இந்த மலைதான்.

காப்பியத்தின் பிற்பகுதியில், மணிமேகலை காஞ்சிக்குப் போவதற்கு முன், கோவலனின் தந்தை மாசாத்துவான் பேசும் இடம் ஒன்று உண்டு. தங்கள் குலத்து முன்னோன் ஒருவன் தரும சாரணர்களின் உரை கேட்டு மனம் திரும்பிய கதையை அவன் சொல்கிறான். அந்தச் சாரணர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? இலங்கைத் தீவிலுள்ள ஒரு மலையை வலங்கொண்டு மீண்டவர்கள். அந்த மலைக்குச் சாத்தனார் கொடுக்கும் பெயர் சமனொளி.

இந்தச் சொல்லில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். சமனொளி, சிவனொளி என்று இரண்டையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலிரு எழுத்துகளைத் தவிர வேறு பேதம் இல்லை. சிங்களத்திலே இதே மலைக்குச் சமனல கந்த என்று பெயர். சமன் என்பது அந்த மலையின் காவல் தெய்வம். சமனல என்றால் வண்ணத்துப்பூச்சி என்றும் பொருள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் இந்த மலைக்குத்தான் யாத்திரை போகின்றன, அங்கே போய்த்தான் உயிர் விடுகின்றன என்று கிராமத்தவர்கள் சொல்வார்கள். ஆகவே நமது சிவனொளி, சாத்தனாரின் சமனொளியிலிருந்து வந்த பெயராகவே எனக்குத் தோன்றுகிறது. தமிழ்ப் பௌத்தம் மறைந்து, சைவம் தழைத்த காலத்தில் பழைய பெயரின் ஒலியை வைத்துக்கொண்டு சனங்கள் அதற்குப் புதுப் பொருள் கண்டிருக்க வேண்டும். இதில் மோசடி எதுவும் இல்லை. சனங்கள் பெயர்களை இப்படித்தான் கையாளுகிறார்கள். மலையேறும் வழியில் சீத கங்குல என்று ஓர் ஓடை உண்டு. குளிர்ந்த ஆறு என்பது அதன் பொருள். எங்கள் ஆட்கள் அதைச் சீதை குளித்த ஆறாகவே கேட்டுப் பழகிவிட்டார்கள்.

இப்போது ஆசிரியர் அறை வழக்கை மீண்டும் எடுத்துப் பாருங்கள். அது பௌத்தர் மலை, ஆகையால் தமிழர் மலை அல்ல என்ற வாதம் நிற்குமா? அந்த மலையைப் பௌத்தத் தலமாகப் பாடிய பெரும் காப்பியம் தமிழில் அல்லவா இருக்கிறது! பௌத்தம் என்றால் சிங்களம், சைவம் என்றால் தமிழ் என்று கோடு கிழித்துக்கொண்டது நாம். சாத்தனாருக்கு அந்தக் கோடு தெரியாது.

மகாவம்சம் சொல்லும் ஐதீகம் உங்களில் பலர் அறிந்ததே. புத்தர் ஞானம் பெற்ற எட்டாவது வருடத்தில், மூன்றாம் முறையாக இலங்கைக்கு எழுந்தருளி, களனியில் நாக அரசன் மணியக்கிகனின் விருந்தை ஏற்ற பின், சுமணகூடத்தில் தமது பாதச் சுவட்டைப் பதித்தார் என்பது அது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீன யாத்திரீகர் பாஹியனும் மலையுச்சிப் பாதச் சுவட்டைக் குறிப்பிடுகிறார். இவற்றை விரிக்க நேரம் போதாது. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு சான்று. அது ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் வழியில், கினிகத்தேனைக்கு அருகே அம்பகமுவவில் ஒரு பாறையில் வெட்டப்பட்டிருக்கிறது.

அது முதலாம் விஜயபாகு மன்னனின் கல்வெட்டு. சோழரைப் பொலன்னறுவையிலிருந்து 1070இல் வெளியேற்றியவன் அவன். அதே மன்னன் கட்டிய தந்ததாது ஆலயத்தைக் காக்கும் பொறுப்பைத் தமிழ் வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டு, அதனைத் தமிழிலேயே கல்லில் வெட்டி வைத்தார்கள் என்பதையும் இங்கு சொல்லிவைக்க வேண்டும். பாதமலைக்குப் போகும் வழிகளில் யாத்திரீகர்கள் பசியாலும் களைப்பாலும் துன்பப்படுவதைக் கண்டு, அவர்களுக்கு அன்னமளிக்கக் கிலிமலைக் கிராமத்தை அவன் மானியமாக விட்டான். இதனை எல்லாச் சரித்திர ஆசிரியர்களும் புகழ்ந்து எழுதுவார்கள். புகழத்தக்கதும்தான். ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு செய்தி உண்டு. பாதம் இருக்கும் முற்றத்துக்குக் கீழே, தாழ்ந்த குலத்தவர் நின்று வணங்குவதற்கென்று மன்னன் வேறொரு முற்றம் கட்டினான்.

நேயர்களே, இந்தச் செய்தியை நான் இரண்டு விதமாக வாசித்திருக்கிறேன். முதலில் வாசித்தபோது கோபம் வந்தது. இத்தனை ஆயிரம் அடி ஏறி வந்தவனையும் கடைசிப் படியில் வைத்துப் பிரித்தார்களே என்று நினைத்தேன். பிறகு வாசித்தபோது, அதற்கு முன்னர் அவர்களுக்கு நிற்க ஓர் இடமும் இருந்திராதே, அரசன் கல்லில் வெட்டி அல்லவா அந்த இடத்தை உறுதி செய்தான் என்றும் தோன்றியது. எது சரி என்று இன்றும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. மலையடியிலே தலைமுறை தலைமுறையாகக் கீழ் முற்றத்தில் நின்ற ஒரு சமூகத்தில் பிறந்தவன் நான். ஆகையால் இரண்டு வாசிப்பும் எனக்குள் ஒன்றாகவே இருக்கின்றன.

இனி ஒரு சுவையான சாட்சியைக் கூப்பிடுகிறேன். 1344இல் மொரோக்கோ நாட்டு யாத்திரீகர் இப்னு பதூதா இலங்கைக் கரையில் வந்து இறங்கினார். முஸ்லிம்களுக்கு இது பாவா ஆதம் மலை. சுவர்க்கத்திலிருந்து இறங்கிய ஆதி பிதாவின் பாதம் பதிந்த இடம். அந்தப் பாதத்தைத் தரிசிக்க அவர் விரும்பினார். அவரை வரவேற்றவன் யார் தெரியுமா? ஆரியச் சக்கரவர்த்தி, யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னன். பாரசீக மொழி விளங்கிய அந்த மன்னன், என்ன வேண்டும் என்று கேட்டான். ஆதமின் பாதத்தைக் காண வேண்டும் என்றார் விருந்தினர். மன்னன் ஒரு பல்லக்குக் கொடுத்து, வருடந்தோறும் அந்தப் பாதத்துக்குப் போய்வரும் நான்கு யோகிகளையும், மூன்று பிராமணர்களையும், தன் ஆட்கள் பத்துப் பேரையும், சுமை தூக்கப் பதினைந்து பேரையும் கூட அனுப்பினான். இந்து மன்னன் அனுப்பிய யோகிகளும் பிராமணர்களும் ஒரு முஸ்லிம் பெரியாரை, பௌத்த நாட்டின் நடுவே, ஆதமின் பாதத்துக்கு அழைத்துப் போகிறார்கள்! யாருடைய பாதம் என்று வழியில் அவர்கள் சண்டை பிடித்ததாக அவருடைய குறிப்பில் இல்லை.

இப்னு பதூதா எழுதிவைத்த வேடிக்கைகளும் உண்டு. பாதப் பாறையில் ஒன்பது குழிகள் இருந்தனவாம். யாத்திரீகர்கள் பொன்னும் மணியும் முத்தும் அவற்றில் காணிக்கை போடுவார்களாம். பக்கீர்கள் அங்குள்ள குகையை அடைந்ததும், அந்தக் காணிக்கையை எடுக்க ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஓடுவார்களாம். இவர் போனபோது சில கற்களும் கொஞ்சம் பொன்னுமே இருந்தன. அவற்றை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டார். பாதத்தின் நீளம் பதினொரு சாண் என்கிறார். 1817இல் மலையேறிய ஆங்கில வைத்தியர் ஜோன் டேவி அளந்தபோது அது ஐந்தடி மூன்றே முக்கால் அங்குலமாக இருந்தது. பக்திக்கு ஒரு சாண், அளவுகோலுக்கு ஒரு சாண் என்று நாம் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சரித்திரத்திலே எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இனித்தான் வருகிறது. சீதாவாக்கையை ஆண்ட முதலாம் இராஜசிங்கன் சிங்கள மன்னன். போர்த்துக்கேயருக்குச் சிம்ம சொப்பனமாக விளங்கியவன். தந்தையைக் கொன்ற பாவத்துக்குப் பரிகாரம் கேட்டபோது, அதனைப் போக்க எம்மால் இயலாது என்று பிக்குகள் சொல்லிவிட்டதால் அவன் சைவனானான் என்று சூளவம்சம் கூறுகிறது. தந்தையைக் கொன்றான் என்ற பழியை நம்பலாமா என்பது வேறு விடயம். அவன் சைவனானதும், பாதமலையைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்ததும் நடந்தவை. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல், மலை ஆண்டிகளின் கையில் இருந்தது. அதனைத் திரும்பப் பௌத்த சங்கத்திடம், வெலிவிட்ட சரணங்கர தேரரிடம் ஒப்படைத்தவன் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். 1747 முதல் 1782 வரை ஆண்ட அவன் யார்? தென்னிந்திய நாயக்கர் வம்சத்தவன். மதுரைச் சீமையோடு உறவுகொண்ட குடும்பத்தில் வந்தவன்.

ஆக, மலையைச் சைவருக்குக் கொடுத்தவன் சிங்கள அரசன். அதைப் பௌத்தருக்குத் திருப்பிக் கொடுத்தவன் தென்னாட்டு அரசன். ஆசிரியர் அறையில் இதை நான் சொன்னபோது, இரு நண்பர்களும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரே குரலில் "உண்மையா?" என்று கேட்டார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு சொல்லில்தான்.

நமது கதை இதற்குப் பிறகே தொடங்குகிறது. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தென்னாட்டிலிருந்து நடந்து வந்த நம்மவர்கள் மலையின் வடக்கு, கிழக்குச் சரிவுகளைக் காடு வெட்டித் தோட்டமாக்கினார்கள். 1884இல் ரயில் பாதை ஹட்டனை எட்டியது. அதற்கு முன் யாத்திரீகர் பெரும்பாலும் இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து, பலாபத்தல வழியாகவும் குருவிட்ட எரத்ன வழியாகவும், நாட்கணக்கில் காட்டுக்குள் நடந்து ஏறியவர்கள். ரயில் வந்தபின் ஹட்டனில் இறங்கி, நோர்வூட், மஸ்கெலியா வழியாக இருபது மைல் போனால் மலையடிவாரம். தேயிலையை இறக்குவதற்காகப் போட்ட பாதை பக்தர்களை ஏற்றுவதற்கும் வழியாயிற்று. அந்த அடிவாரத்து ஊருக்கு இங்கிலீஸ்காரன் டல்ஹவுசி என்று ஒரு பெயர் வைத்தான். அது தேசப்படத்தில் மட்டும் நின்றது. இன்று சிங்கள யாத்திரீகரும் அந்த இடத்தை நல்லதண்ணிய என்றுதான் சொல்கிறார்கள். நல்ல தண்ணி! மணிமேகலைக்குப் பிறகு அந்த மலைக்குத் தமிழ் கொடுத்த பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. எந்தப் புலவரும் பாடாத பெயர். தாகத்தோடு வந்த யாரோ வைத்த பெயர்.

1960களில் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது, மூழ்கிய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இடிபாடுகளாக வெளியே தெரியும். அந்நாட்களில் ஊர் சனம் கூடிப் போய்ப் பார்க்கும். மேலே மலையுச்சியில் ஒரே பாதத்தை நாலு சமயத்தவரும் கும்பிட, கீழே ஏரியின் அடியில் அவரவர் கோயில்கள் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன.

இறுதியாக ஒரு சொந்த விடயம். என் தகப்பனார் ஒவ்வொரு சீசனிலும் மலையேறியவர். 1983க்குப் பிறகு அவர் ஏறவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. அந்த ஆடி மாதத்தை லயத்துக்குள் இருந்து பார்த்தவர்கள் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். ஆனால் சீசன் வந்தால் அவர் விளக்கு வரிசைக்கு முதுகு காட்டி உட்காருவார். அதைக் கவனித்தவன் நான் மட்டுமே.

பல வருடங்கள் கழித்து, ஒரு மாசி மாதத்தில், "வாங்கப்பா, என்னோட ஒருக்கா வாங்க" என்று நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். நள்ளிரவில் நல்லதண்ணியிலிருந்து புறப்பட்டோம். வழியெல்லாம் வெள்ளை உடுத்த சிங்கள யாத்திரைக் கூட்டங்கள். முன்னே நடே குரா பாட்டெடுக்க, பின்னால் வருகிறவர்கள் தொடர்ந்து பாடுவார்கள். இறங்குகிறவர்கள் ஏறுகிறவர்களை வாழ்த்துவார்கள். அப்பா யாருடைய முகத்தையும் பார்க்காமல் படிகளைப் பார்த்தபடியே ஏறினார். இந்திகட்டுபானவில், புத்தர் தமது சீவரத்தைத் தைத்த இடம் என்று யாத்திரீகர் ஊசியில் நூல் கோத்து நூலை இழுத்துச் செல்லும் அந்த இடத்தில், அவருக்கு மூச்சு வாங்கியது. ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் ஒரு சிங்கள ஆச்சி, எழுபதுக்கு மேல் இருக்கும், மகளின் தோளைப் பிடித்தபடி ஏறிக்கொண்டிருந்தவர், நின்றார். எங்கள் பேச்சைக் கேட்டு நாங்கள் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கும். தன் பையிலிருந்து ஒரு போத்தல் கொத்தமல்லித் தண்ணியை எடுத்து, மூடியில் ஊற்றி, "பொன்ன புத்தே" என்று அப்பாவிடம் நீட்டினார். புத்தே என்றால் மகனே. அறுபது வயது மகன்! அப்பா ஒரு கணம் அந்த மூடியைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். அவர்கள் முன்னே போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு செங்குத்துப் படிகளில் ஏறியபோது அவர் என் கையைப் பிடிக்கவே இல்லை.

உச்சியில் மணி ஒன்று உண்டு. எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும் என்பது வழக்கம். நான் அடித்துவிட்டுத் தள்ளி நின்றேன். பழைய கணக்குப்படி அப்பா பதினைந்துக்கு மேல் அடித்திருக்க வேண்டும். ஒரு தடவை மட்டும் அடித்துவிட்டுக் கயிற்றை விட்டார்.

"என்னப்பா, ஒண்ணுதானா?"

"பின்னால ஆளுக நிக்கிறாங்க, தம்பி" என்றார்.

சூரியன் எழுந்ததும் எல்லோரும் மேற்குப் பக்கம் ஓடினார்கள். மலையின் நிழல் முக்கோணமாகத் தாழ்நிலத்தின் மீது விழும் காட்சியைப் பார்க்க. அப்பா போகவில்லை. வடகிழக்குப் பக்கத்துச் சுவரோரம் நின்று, மவுசாகலை ஏரிக்கு அப்பால் பனி விலகுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டத்து ஸ்டோரின் தகரக் கூரை தெரிகிறதா என்று தேடுகிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. கடைசியில் கண்டுபிடித்து, விரலை நீட்டிக் காட்டினார். அந்தக் கூரைக்குக் கீழேயிருந்துதான் அப்பாயி நாற்பது வருடம் இந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.